முதல் எதிரி

லுத்மிளா என்று கூப்பிடக்
குழித்துறைக் கோர்ட்டில் யாருக்கும் நாக்கு வளையவில்லை.
டவாலி செல்லக்கண்ணு 'லூதர்மேளா' என்பார்.
ஏட்டுக்கு 'மிளகு மேடம்'.
பெஞ்ச் கிளார்க் நான், சுருக்கமாக
ஏபிபி என்று எழுதிக்கொள்வேன்.

அண்டி ஆபீஸ் சங்கத்துத் தங்கப்பன் வைத்த பேர் அது.
மார்த்தாண்டம் சந்தையில் நின்ற புத்தக வண்டியில்
பீடிக்காசுக்குக் கிடைத்த ஒரு ரஷ்யப் பத்திரிகை.
வழுவழுத் தாளில் ஒரு பெண்,
காலரில் நட்சத்திரம், முன்னால் பைல் கட்டு;
அரசாங்கத்துக்காக வாதாடுகிறவளாம்.
பிள்ளை பிறந்ததும்
படத்தின் அடியில் இருந்ததை எழுத்துக்கூட்டி வைத்துவிட்டார்.
பைபிளில் இல்லாத பேர் என்று
உபதேசியார் சொல்லிப் பார்த்தார்.

முதல் வருஷம் மேடத்துக்கு வந்ததெல்லாம்
ரப்பர் ஷீட் திருட்டு,
களியக்காவிளை தாண்டப்போன ரேஷன் அரிசி,
வாவுபலிக் கூட்டத்தில் அறுந்த சங்கிலி.
சாட்சி பிறழ்ந்தால் கோபப்படமாட்டார்.
பேனா மூடியை ஒருதரம் திருகுவார், அவ்வளவுதான்.

பிறகு அந்தக் கட்டு வந்தது.
சி.சி. 214, தொண்ணூற்றொன்று.
அண்டி ஆபீஸ் வாசலில் மறியல், லாரிக் கண்ணாடி உடைப்பு,
எதிரிகள் பதினொரு பேர்.
கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் எதிரி;
யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை.
முதல் எதிரி தங்கப்பன், த/பெ மாசிலாமணி.
பேர்மேல் சிவப்பு மைக் கோடு,
ஓரத்தில் என் கையெழுத்து:
'இறந்துபோனார். இவரைப் பொறுத்து வழக்கு அற்றுப்போனது.'

வேறு ஆளிடம் கொடுங்கள் என்று மேடம் ஒரு கடிதம் போட்டார்.
நாகர்கோவிலிலிருந்து பதினாலாம் நாள் பதில்:
'இறந்தவர் எதிரி அல்லர்.'
அதையும் கட்டிலேயே வைத்துத் தைத்துவிட்டு
எழுந்து நின்றார்.

கூண்டில் ஓமனா, ரெத்தினபாய், இன்னும் எட்டுப் பேர்.
கொட்டை எண்ணெய் தின்ற விரல்கள்.
ரேகை எடுத்த போலீசுக்கு வெறும் கறுப்புதான் கிடைத்திருந்தது.
லாரி டிரைவரிடம் நாலே கேள்வி.
ஆளுக்கு ஐந்நூறு அபராதம்.
ரசீதுக்கு நின்ற ஓமனா திரும்பிச் சொன்னாள்:
'நல்லா பேசின பிள்ளே.
ஒனக்க அப்பன் இருந்திருந்தா கைதட்டியிருப்பான்.'
குத்தலா, நெசமா?
இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் பத்மநாபபுரம். நாகர்கோவில். வெள்ளைக் கார்.
அதற்கப்புறம் சென்னை, கோட்டையில் சட்டத்துறை.
பேருக்கு முன்னால் திருமதி, பின்னால் மூன்று வரிப் பதவி.

அங்கிருந்து ஒரு மழைக்காலத்தில் தாள் வந்தது.
கூனம்பாறைக் குவாரி வழக்கைப்
பொதுநலன் கருதி வாபஸ் பெறலாம்.
புது ஏபிபி வாசித்துக்கொண்டிருந்தான்,
நான் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பச்சை மை. முதல் எழுத்து மட்டும் தெளிவு,
மற்றதெல்லாம் ஓடுகிற எறும்பு.
கூனம்பாறை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்;
பையன்களே குதிக்கப் பயப்படும் ஆழம்.

இன்று வந்திருக்கிறார், பஸ்ஸில்.
ரிட்டயராகி எட்டு மாசம். கையில் குடை.
நகல் பிரிவில் நான்.
'சுவாமிதாஸ் சார், 214-ல ஒரு காப்பி வேணும்.'
மனுத்தாளை நீட்டினேன்.
மனுதாரருக்கும் வழக்குக்கும் உள்ள தொடர்பு,
அந்த இடத்தில் 'அரசுத் தரப்பு' என்று எழுதினார்.
அடித்தார்.
பேனா மூடியைத் திருகினார், திருகினார்,
மரை தேய்ந்துபோகிற அளவுக்கு.
பிறகு எழுதினார்:
முதல் எதிரியின் மகள்.

வெளியே கல் லாரி ஒன்று போக
கண்ணாடி அலமாரி குலுங்கி நின்றது.

அந்தக் கட்டு இல்லை.
காலம் முடிந்ததென்று போன தையில் எரித்த பட்டியலில்
கையெழுத்து என்னுடையது.
சொல்லவேண்டும்.
ரெண்டு சாயா சொல்லிவிட்டிருக்கிறேன்.
சாயா வரட்டும்.